வலது ஓரத்துக் கட்டைகள்

பிரிக்ஃபீல்ட்ஸ்
10 மார்ச் 2024

அன்புத் தங்கை வெரோனிகாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி கேரனும் சுகமாக இருக்கிறோம். முட்டி அறுவைக்குப் பிறகு மச்சான் எப்படி இருக்கிறார்? தானே எழுந்து நடக்கிறாரா, இல்லை ஒரு டம்ளர் தண்ணீருக்கும் உன்னைக் கூப்பிட்டு உயிரை வாங்குகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் போன் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். எனக்குக் கண் தெரியாது என்பதால் எது வந்தாலும் அது உரக்கப் படித்துக் காட்டும். நான் பதில் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து உன் அண்ணி பதில் சொல்லிவிடுவாள். நமக்குள் பேச, விரலால் தடவிப் படிக்கும் இந்தப் புள்ளி எழுத்துதான் தோது. கண் தெரிந்தவளாக இருந்தும், என் பள்ளி விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியால் குத்திக் குத்தி இதைக் கற்றுக்கொண்டாயே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

சேதி இதுதான். உன் மகன் ஐவன் தான் மேலாளராக இருக்கும் பங்சார் இசைப் பள்ளியில் நாலு பியானோவுக்கும் மாதா மாதம் சுருதி சேர்க்கும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டான். "மாமா, உங்கள விட்டா இதுக்கு ஆளே இல்ல" என்றான். பொய் என்று தெரிந்தும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

போன திங்கள் பள்ளி விடுமுறையில் போய்ச் செய்து முடித்தேன். நடுக் கட்டைகள் சாதுவானவை, வைத்த இடத்தில் நிற்கும். வம்பெல்லாம் வலது ஓரம்தான். அங்கே கம்பி விரல் நீளம்கூட இருக்காது. கம்பி சுற்றிய ஆணியைத் திருகும் சாவியை அசைத்தோமா இல்லையா என்று நமக்கே தெரியாத அளவுக்கு அசைத்தால் போதும், சுரம் எங்கோ ஓடிவிடும். கடைசிக் கட்டைகளில் சுரத்தைவிட மரம் தட்டுகிற சத்தம்தான் அதிகம். அதற்குள் நுழைந்து சுரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணக்குப்படி வைத்தால் காதுக்கு அது சோர்ந்துபோய்க் கேட்கும். அதனால்தான் காதால் சேர்க்கிறவர்கள் ஓரம் போகப் போக ஒரு மயிரிழை கூடுதலாக ஏற்றி வைப்போம்.

உனக்கு இதெல்லாம் புதிதா என்ன? கல்யாணத்துக்கு முன்னால் வீடு வீடாக என்னோடு வந்தவள் நீ. "இன்னும் கொஞ்சம் ஏத்துண்ணே, அழுது வடியுது" என்பாய். நான் நிறுத்தும் இடமும் நீ போதும் என்று சொல்லும் இடமும் ஒன்றாகவே இருக்கும். சாவி பிடிக்கவும் உனக்குக் கற்றுக் கொடுத்தேன். சுருதியை மேலிருந்து இறக்கும்போது மட்டும் ஆணியைச் சரியாக உட்கார வைக்காமல் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவாய். எத்தனை திட்டினாலும் அது மாறவே இல்லை.

ஒரு நாள் கொம்யூட்டர் ரயில் ஏறி வாயேன். சென்ட்ரலில் இறங்கினால் நம் வீடு நடக்கிற தூரம்தான். உன் அண்ணியும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் சுகத்தை எழுது.

பிரியமுள்ள அண்ணன்,
இருதயம்


கிள்ளான்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அவர் தடியை ஊன்றி வாசல்வரை நடக்கிறார். உங்களுக்கும் அண்ணிக்கும் மாதா துணை இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

எனக்கும் வரத்தான் ஆசை. இவரைத் தனியாக விட்டுவிட்டு எங்கே வருவது? பாசாருக்குப் போய்விட்டு வருவதற்குள்ளேயே மூன்று முறை போன் போட்டுவிடுகிறார்.

ஐவனுக்குப் பள்ளியில் நல்ல பெயர். முதலாளி மிஷெல் மேடம் செராஸில் புதுக் கிளை திறக்கப் போகிறார்களாம். அதற்கு இவனைப் பொறுப்பாளராகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது கிடைத்தால் அவன் கல்யாணப் பேச்சையும் எடுக்கலாம். நீங்களும் அவனுக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.

அண்ணே, ஒன்று கேட்கட்டுமா? இப்போது எல்லோரும் போனை வைத்து, அதன் திரையில் ஆடுகிற முள்ளைப் பார்த்து சுருதி சேர்க்கிறார்களாமே. ஓரத்துக் கட்டைகளையாவது அந்த முள்ளுக்குத் தக்கபடி வைத்தால் என்ன? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
வெரோனிகா


பிரிக்ஃபீல்ட்ஸ்
21 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். மச்சான் வாசலைத் தாண்டியிருப்பார் என்று நம்புகிறேன். ஐவனுக்காகச் செபம் சொல்லியாகிவிட்டது, அதில் எனக்கு இஷ்டமான புனிதரையே பிடித்திருக்கிறேன்.

முள்ளைப் பற்றிக் கேட்டாய். முள்ளுக்குக் கணக்குத் தெரியும், காது கிடையாது. கணக்கில் சரியாக இருப்பது ஓரத்தில் தாழ்ந்து கேட்கும் என்று அதற்கு யார் சொல்வது? என்னை அந்த முள்ளுக்குத் தக்கபடி ஆடச் சொன்னால் நான் வேறு வேலை பார்க்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் என்னைக் குடைகிறது. இந்த மாதம் பங்சாருக்குப் போய்க் கட்டைகளைத் தட்டிப் பார்த்தேன். நடுவில் எல்லாம் வைத்தபடியே இருக்கிறது. வலது ஓரம் மட்டும் இறங்கிப்போயிருக்கிறது. கூடத்துப் பெரிய பியானோவில் ஆணி தளர்ந்திருக்குமோ என்று நினைத்து மறுபடி ஏற்றி வைத்தேன். மற்ற மூன்றும் அப்படித்தான் இருந்தன. நாலும் நாலு கம்பெனி, வயதும் வேறு வேறு. எல்லாமாகச் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு இறங்குமா?

ஐவனிடம் குறை ஏதும் வந்ததா என்று கேட்டேன். "இல்ல மாமா, எல்லாம் ஓகே லா" என்று வேகமாகப் போய்விட்டான். பையனுக்கு வேலை அதிகம் போலிருக்கிறது.

பிரியமுள்ள அண்ணன்,
இருதயம்


பிரிக்ஃபீல்ட்ஸ்
26 மே 2024

அன்புள்ள வெரோவுக்கு,

உன்னிடமிருந்து பதில் காணோம். மச்சானுக்கு ஒன்றும் இல்லையே? போனில் கேட்டால் சுகம் என்கிறாய், உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. இங்கே உன் அண்ணி நலம். நானும் வெளியே பார்த்தால் நலம்.

மறுபடியும் இறங்கியிருக்கிறது. நாலு பியானோவும், வலது ஓரம் மட்டும், அதே அளவுக்கு. இது ஆணியின் குற்றமில்லை. மற்ற வீடுகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் போகிறேன், ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. பங்சார் பியானோக்களை விட்டால் மிச்சம் ஒரே இடம்தான், என் காது. அன்றைக்குச் சரி என்று நினைத்து நான் வைப்பது ஒன்றாகவும், அடுத்த மாதம் கேட்பது இன்னொன்றாகவும் இருக்கிறது போலும். வயதானால் காது முதலில் இழப்பது இந்த ஓரத்தைத்தான் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

வெரோ, எனக்குப் பயமாக இருக்கிறது. இதைக் கேரனிடம் சொல்லவில்லை. கண் இல்லாதவனுக்குக் காதும் போனால் என்ன மிச்சம் என்று அவள் சேர்ந்து அழ ஆரம்பிப்பாள், எனக்கு அதைத் தாங்க முடியாது. நேற்று வீட்டுப் பியானோவில் ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். சரியாக இருக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை.

என் காதும் உன் காதும் ஒன்று என்று எப்போதும் சொல்வேன். ஒரே ஒரு நாள் வா. பக்கத்தில் நின்று கேட்டு, சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டுப் போ. வேறு யாரிடமும் கேட்க எனக்கு மனமில்லை.

அண்ணன்


கிள்ளான்
30 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டு வேலை ஒரு பக்கம், இவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வருவது ஒரு பக்கம். மாதா உங்களுக்குச் சுகம் தரட்டும்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன். நீங்கள் வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். பள்ளியில் யாரும் எந்தக் குறையும் சொல்லவில்லை, ஐவன் என்னிடம் சத்தியம் செய்கிறான். வேண்டுமென்றால் ஒரு முறை காது மருத்துவரிடம் காட்டுங்கள். வயது யாரைத்தான் விடுகிறது? கொஞ்சம் ஓய்வெடுத்தால் நல்லதுதான்.

வரத்தான் முடியவில்லை அண்ணே. இவருக்கு அறுவை நடந்த நாளிலிருந்து நான் கிள்ளானை விட்டு வெளியே காலெடுத்து வைக்கவில்லை. தவறாக நினைக்காதீர்கள்.

வீட்டுப் பியானோவை அப்படித் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
வெரோனிகா


பிரிக்ஃபீல்ட்ஸ்
28 ஜூலை 2024

அன்புத் தங்கைக்கு,

மச்சான் சுகமாக இருப்பார் என்று நம்புகிறேன். உன் அண்ணிக்கு லேசான சளி, வேறொன்றுமில்லை.

நீ சொன்னபடி காது மருத்துவரிடம் போனேன். காதில் எதையோ மாட்டிக் கீச்சுக் கீச்சென்று சத்தம் விட்டார்கள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். மருத்துவர் மலாய்க்காரப் பெண், நல்ல குரல். "உங்க வயசுக்கு நல்லா இருக்கு அங்கிள், மேல கொஞ்சம் கொறஞ்சிருக்கு, எல்லாருக்கும் அப்படித்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லோரும் பியானோ சுருதி சேர்த்தா பிழைக்கிறார்கள்? அந்த 'கொஞ்சம்' எனக்கு வீடுவரை காதிலேயே ஒலித்தது.

இன்னொன்றும் செய்துவிட்டேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? நவம்பரில் இங்கே ஒரு மண்டபத்தில் கச்சேரி. வெளிநாட்டிலிருந்து வரும் பியானோக்காரம்மா, காதால் சுருதி சேர்ப்பவர்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் குரு என்னைத்தான் சொல்லியிருந்தான். இத்தனை வருஷத் தொழிலில் எனக்கு வந்த பெரிய வேலை அதுதான். உனக்குக்கூடச் சொல்லாமல் ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன்.

நேற்று குருவுக்குப் போன் செய்து, உடம்பு சரியில்லை, வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டேன். செராஸிலிருந்து விமலன் என்று ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறான். என் காதை நானே நம்பாதபோது, இன்னொருத்தி மேடையில் உட்கார்ந்து அதை நம்பினால் அது பாவம்.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் குளியலறைக்குள் போய் நின்றேன். கேரன் கேட்டதற்கு வயிற்று வலி என்றேன்.

அண்ணன்,
இருதயம்


கிள்ளான்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிறது. அண்ணிக்குச் சளி தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

கச்சேரி வேலையை விட்டது நல்லதற்கே. அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு? வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஐவனிடம் முறுக்குக் கொடுத்துவிட்டேன், இந்த முறை எள் கூடுதலாகப் போட்டிருக்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும்.

செராஸ் வேலை ஜனவரியில் உறுதியாகும் போலிருக்கிறது.

செபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெரோனிகா


பிரிக்ஃபீல்ட்ஸ்
22 செப்டம்பர் 2024

வெரோனிகாவுக்கு,

நலமா என்று கேட்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதனால் கேட்கிறேன், நலமாக இருக்கிறாயா? கொம்யூட்டரில் வந்துபோகும் அலுப்பெல்லாம் எப்படி இருக்கிறது?

திங்கட்கிழமை பங்சாரில் வேலையை முடித்தேன். இனி அதையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்து, சனிக்கிழமை ஐவனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரப் போனேன். அவன் மேடமோடு பேசிக்கொண்டிருந்தான். காத்திருந்த நேரத்தில் கூடத்துப் பியானோவில் உட்கார்ந்து ஓரத்தைத் தட்டினேன். அந்த வாரம்தான் வைத்தது, அதற்குள் இறங்கியிருந்தது. அப்போதுகூட என் காதைத்தான் திட்டினேன். பிறகு பையிலிருந்து சாவியை எடுத்து ஆணிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு லேசாக அசைத்துப் பார்த்தேன். தானாகத் தளர்ந்த ஆணி ஒரு மாதிரி இருக்கும். இவையெல்லாம் மேலிருந்து இறக்கி, உட்கார வைக்காமல் பாதியில் விட்ட ஆணிகள். அந்தக் கையை எனக்குத் தெரியும். எத்தனை முறை அந்தக் கையில் தட்டியிருக்கிறேன்.

நம்பவில்லை. என் புத்திதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அப்போது முன்மேசையில் இருக்கும் தாமரை என்ற பெண் வந்தாள்.

"என்ன அங்கிள், இன்னைக்கும் வந்திருக்கீங்க? நேத்துதானே ஆன்டி வந்து கடைசிப் பக்கத்த செஞ்சிட்டுப் போனாங்க."

"எந்த ஆன்டிம்மா?"

"ஐவன் அண்ணனோட அம்மா லா. மாசா மாசம் நீங்க வந்து போனதும் வருவாங்களே. உங்க தங்கச்சிதானே அவங்க? நீங்க சொல்லித்தான் வராங்கன்னு நெனச்சேன்."

ஆமாம், நான் சொல்லித்தான் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? ஐவனைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

பங்சாருக்குப் போக மாதா மாதம் சென்ட்ரலில் இறங்கியிருக்கிறாய். அங்கிருந்து என் வீடு எவ்வளவு தூரம்? நான் உன்னை வா வா என்று கெஞ்சிய மாதங்கள் அவை. கிள்ளானை விட்டுக் காலெடுத்து வைக்கவில்லை என்று எனக்குப் புள்ளி குத்தி அனுப்பினாயே, அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு ரயில் ஏறினாயா, இல்லை ஏறிய பிறகு எழுதினாயா?

நீ கம்பியை இறக்கியதைக்கூட விட்டுவிடுவேன். யாரோ சொன்னார்கள், செய்தாய். என் காது செத்துக்கொண்டிருக்கிறது என்று நான் எழுதினேன், பயமாக இருக்கிறது என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, 'வயது யாரைத்தான் விடுகிறது' என்று பதில் எழுதினாய். ஒரு வரி போதுமே. 'அண்ணே, உங்கள் காதில் குறையில்லை, இறக்கியது நான்தான்' என்று ஒரே வரி. அதை எழுதியிருந்தால் நவம்பர் கச்சேரி என்னுடையது. நான் அதை விட்டேன் என்றதும் நல்லதற்கே என்றாய். முறுக்கு வேறு அனுப்பினாய். அதைத் தின்றுகூடத் தொலைத்தேன்.

அந்நியன் செய்தால் ஏமாற்று என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நீ செய்ததற்கு எனக்குச் சொல்லே கிடைக்கவில்லை.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல். மற்றதெல்லாம் வேண்டாம். நீ இறக்கும்போது உன் காதுக்கு எது சரியாகக் கேட்டது, நான் வைத்ததா, நீ இறக்கியதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் என்னால் சாவியைக் கையில் எடுக்க முடியாது. இந்த உலகத்தில் அதைச் சொல்ல உன் ஒருத்தியால்தான் முடியும்.

இருதயம்


கிள்ளான்
20 அக்டோபர் 2024

என் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

இந்தக் கடிதத்தை எத்தனை தாளில் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வைத்ததுதான் சரி. ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு கட்டையும். முதல் முறை இறக்க ஆரம்பித்தபோது என் கை வரவில்லை அண்ணே. காது வேண்டாம் வேண்டாம் என்கிறது, முள் இன்னும் இறக்கு என்கிறது. கடைசியில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, போனில் முள்ளை மட்டும் பார்த்து இறக்கினேன். அதன்பின் எப்போது போனாலும் பையில் பஞ்சு எடுத்துக்கொண்டுதான் போனேன்.

நடந்தது இதுதான். நீங்கள் முதல் மாதம் செய்துவிட்டுப் போன பிறகு மிஷெல் மேடம் போனை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஓரத்தில் முள் சிவப்புக்குப் போனதும், உன் மாமாவுக்குக் காது போய்விட்டது, ஆளை மாற்று என்று ஐவனிடம் சொல்லிவிட்டார்கள். இவன் என்னிடம் வந்து, "அம்மா, மாமாவ நானே எப்படிம்மா நிப்பாட்டறது? நீங்க மட்டும் வந்து முள்ளுக்கு சரியா வெச்சிட்டுப் போயிடுங்க, மேடத்துக்கும் திருப்தி, மாமாவுக்கும் வேலை இருக்கும்" என்று அழுதான். ஓரத்தை ஏற்றி வைப்பதுதான் முறை என்று மேடத்திடம் எடுத்துச் சொல்லடா என்றேன். செராஸ் வேலை கைக்கு வரும் நேரத்தில் வாதாடச் சொல்கிறீர்களா என்றான்.

உங்களுக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் முதல் முறை ரயில் ஏறினேன். ஒரு முறைதான் என்று நினைத்தேன். நீங்கள் பயமாக இருக்கிறது என்று எழுதியபோது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் நேரே மேடத்திடம் போய் நிற்பீர்கள், உங்கள் கோபம் எனக்குத் தெரியும். என் மகனா, அண்ணனா என்று வந்தபோது மகன் பக்கம் சாய்ந்துவிட்டேன். அதுதான் உண்மை, இதற்கு மேல் அலங்காரம் இல்லை. சென்ட்ரலில் இறங்கும்போதெல்லாம் உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடப்பேன்.

என்னை மன்னிப்பீர்களா? இன்னொன்றும் கேட்கிறேன், கேட்கத் தகுதியில்லை என்று தெரியும். ஜனவரிவரை மேடத்திடம் ஒன்றும் சொல்லாதீர்கள். அண்ணிக்கும் தெரிய வேண்டாம். அண்ணிக்குத் தெரிந்தால் சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும், ஐவன் தலை நிமிர முடியாது.

உங்கள் தங்கை,
வெரோனிகா


பிரிக்ஃபீல்ட்ஸ்
24 நவம்பர் 2024

வெரோனிகாவுக்கு,

இங்கே நலம்.

பங்சார் வேலையை விட்டுவிட்டேன். ஐவனிடம் தூரம் என்று காரணம் சொன்னேன். மேடத்திடம் எதுவும் சொல்லவில்லை, கேரனிடமும் சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். நீ கேட்டாய் என்பதற்காக இல்லை. ஐவன் சின்னப் பையனாக இருந்தபோது என் கையைப் பிடித்துச் சாலை கடக்க வைத்தவன்.

உன் பதில் கிடைத்த அன்றே குருவுக்குப் போன் செய்தேன். விமலனோடு எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றான். டிக்கெட் ஒன்று கொடுத்தான். நேற்று கேரனோடு போய், பார்க்க வந்தவர்களில் ஒருவனாக உட்கார்ந்து கேட்டேன். அந்தம்மா ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் முன்னால் குனிந்து கேட்டேன். விமலன் ஏற்றித்தான் வைத்திருந்தார், நான் வைக்கும் இடத்திலேயே. இறக்கச் சொல்லி அவருக்கு யாரும் முள்ளைக் காட்டவில்லை போலிருக்கிறது. சுற்றிலும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தக் கட்டைகளின் மேல் என் கை இருந்திருக்க வேண்டும்.

பஞ்சைப் பற்றி எழுதினாய். தெரியாமல் செய்திருந்தால், உன் காதும் என்னைப் போலவே ஏமாந்தது என்று ஆறுதல் அடைந்திருப்பேன். நான் சரி என்று உனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டு, அதைக் கேட்காமலிருக்கக் காதை அடைத்தாய். என் காது எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, அதற்கு உனக்கு நன்றி சொல்வதா என்றுகூட யோசித்தேன். சொல்ல வரவில்லை.

மன்னிப்பீர்களா என்று கேட்டிருந்தாய். இப்போது என்னால் முடியவில்லை.

மச்சானைக் கேட்டதாகச் சொல்.

இருதயம்


பிரிக்ஃபீல்ட்ஸ்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள வெரோனிகாவுக்கு,

அண்ணி கேரன் எழுதுவது. கிள்ளானில் எல்லோரும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐவனுக்குச் செராஸ் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டு மிகவும் சந்தோஷம். உன் அண்ணனிடம் சொன்னேன், நல்லது என்றார்.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வதில்லை, அவரும் செய்வதில்லை. உங்களுக்குள் என்ன மனத்தாங்கல் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். வேலை நிறைய வருகிறது. அந்தக் கச்சேரி மண்டபத்திலிருந்தும் அடுத்த நிகழ்ச்சிக்கு இவரையே கேட்டிருக்கிறார்கள். மனிதர் தேறித்தான் இருக்கிறார், ஆனால் பேச்சு குறைந்துவிட்டது.

கிறிஸ்துமஸிலிருந்து உன் புள்ளிக் கடிதங்கள் மூன்று வந்தன. ஒன்றையும் அவர் பிரிக்கவில்லை. மேசைமேல் அப்படியே கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், நேற்று நானே ஒன்றைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். தாள் பட்டதும் விரல்களை மடக்கிக்கொண்டார்.

"வேணாம் கேரன். அதுல அவ கை இருக்கு. என்னால தொட முடியல."

இத்தனை வருஷத்தில் அவர் உன்னைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மூன்றையும் உனக்கே அனுப்பிவிடச் சொன்னார், இதோடு வைத்திருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எனக்குப் புள்ளி படிக்கத் தெரியாது. நீ சாதாரண எழுத்தில் எழுதியிருந்தால், அவர் காதில் விழும்படி நானாவது படித்திருப்பேன்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கேரன் அண்ணி